கல்வெட்டைப் படிக்கிறோம், கட்டடத்தை?

உத்திரமேரூர் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது குடவோலைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை மொபைலில் போட்டோ எடுத்து, 'அந்தக் காலத்திலேயே தேர்தல் நடத்தினோம்' என்று பகிர்கிறோம். எழுத்தைப் பார்க்கிறோம் சரி, அது எதன்மேல் இருக்கிறது என்று பார்க்கிறோமா?

கோயில் என்று சொன்னாலும், இது ஊர்ச்சபை கூடிய மண்டபம். அதே ஊரில் இருக்கும் சுந்தரவரதப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். அது பல்லவர் காலத்தது. மூன்று தளங்களில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருகிறார். அங்கே உயரம் பேசுகிறது. இங்கே கண்ணில் படுவது கருங்கல் பலகைகளால் ஆன நீள்சதுரம், நிறைய எழுத்து. சபை கூடிய இடத்திலேயே சபையின் விதி. எங்க சாஃப்ட்வேர் துறையில் சிஸ்டம் ஒரு பக்கம், டாகுமென்டேஷன் ஒரு பக்கம் கிடக்கும். இங்கே இரண்டும் ஒன்றுதான்.

முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது சுமார் 919, 921இல் வெட்டிய அந்த விதிகளில் நான் அடிக்கடி திரும்பிப் போவது ஒன்றுக்குத்தான். குடவோலையில் பெயர் எழுத 35 முதல் 70 வயது, வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம், வேதப் பயிற்சி போதாது. சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். அரைக்கால் வேலிதான் இருந்தாலும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிந்தவருக்குச் சலுகை உண்டு. வீடு இல்லாதவர், பெண்கள், இந்தக் கல்லைச் செதுக்கிய சிற்பி ஆகியோரின் பெயர் குடத்துக்குள் போயிருக்க வழியே இல்லை. 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அந்தத் தகுதி தந்த வீடுகள் எங்கே? மண், செங்கல், மரம் எல்லாம் போய்விட்டன. வீட்டைப் பற்றிய விதி மட்டும் கல்லில் நிற்கிறது. இங்கிலாந்துக் கிராமங்களில் சாதாரணக் குடியானவனின் கல்வீடுகூடச் சட்டப் பட்டியலில் ஏறி, உள்ளே ஆள் குடியிருக்கவே பாதுகாக்கப்படுகிறது. நாம் மண்டபத்தைக் காப்பாற்றினோம், நல்லது. ஆனால் திண்ணையும் முற்றமும் உள்ள ஓட்டு வீடுகள் இடிபடும்போது யாரும் அளந்துகூட வைப்பதில்லை.

அடுத்த முறை போனால் கல்வெட்டோடு நிறுத்தாதீர்கள். மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தெருவுக்குள்ளும் நடந்து பாருங்கள். ஓட்டு வீடு ஏதாவது மிச்சமிருந்தால், ஒரு போட்டோ அதற்கும்.