சங்கமா, சந்தையா?

நாணயச் சங்கம் தொடங்குவது எளிது. ஏழெட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூட அறை, ஒரு வாட்ஸ்அப் குழு போதும். பிறகு ஆண்டுக்கொரு கண்காட்சி. பாடப்புத்தகத்தில் மட்டும் ராஜராஜனைப் படித்த பிள்ளை, அவன் அடித்த செப்புக்காசை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க இதுபோன்ற சங்கங்கள்தான் வாய்ப்புத் தருகின்றன. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கூட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், பேச்சு 'இது என்ன விலைக்குப் போகும்?' என்பதில் வந்து நிற்பதையும் பார்க்கலாம்.

சேகரிப்பாளர்களைக் குறைத்துப் பேசுவதும் நியாயமில்லை. தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்று பொறித்த பாண்டியர் காசை 1980களில் அடையாளம் கண்டு வெளியிட்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககால மன்னர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்ற ஐயத்துக்கு அந்தச் சிறிய செப்புத் துண்டு பதில் சொன்னது. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துக் காசு பொறுக்கியவர்கள், அவர்களிடம் வாங்கிய வியாபாரிகள், வியாபாரிகளிடம் வாங்கிய ஆர்வலர்கள் என்று கைமாறி வந்ததால்தான் மாக்கோதை, குட்டுவன் கோதை பெயர்களைத் தாங்கிய சேரர் காசுகள் இன்று நூல்களில் இருக்கின்றன. இல்லாவிட்டால் உருக்குப் பட்டறையோடு போயிருக்கும்.

கெடுதலும் அதே வழியில்தான் நடந்தது. பெயர் பொறித்த காசு தன் கதையில் பாதியைத் தானே சொல்லிவிடும். பெயரில்லாத காசுக்கோ கிடைத்த இடம்தான் சாட்சி. கைமாறக் கைமாற அந்தச் சாட்சி அழிந்துவிடுகிறது. பெயருள்ள காசுக்கும் இடம் வேண்டும். செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் ஈயக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்ததால், அவற்றில் உள்ள சேந்தன் என்ற பெயரை அந்த வட்டாரத்தோடு சேர்த்துப் பேச முடிகிறது. அதே காசுகள் பத்து ஆல்பங்களுக்குள் பிரிந்து போயிருந்தால், ஊரற்ற ஈயத் துண்டுகளாகவே நின்றிருக்கும்.

பொம்மையார்பாளையம் மாதிரி ஓர் ஊரில் சங்கம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், வானூர் வட்டத்தில் இருக்கிற கடலோர ஊர். பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை வடக்கே காலாப்பட்டு பிரெஞ்சு நிலம், இந்த ஊர் ஆங்கிலேயர் நிலம், தெற்கே கோட்டக்குப்பம் தாண்டினால் மறுபடியும் பிரெஞ்சு நிலம். ஒருபுறம் பிரெஞ்சு அரசின் அல்லி மலர், மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்று அடித்த செப்புத் துட்டு, புதுச்சேரியை ஒட்டிய பழைய வீடுகளில் இன்றும் வரக்கூடியது. அது காலாப்பட்டு வீட்டில் கிடைத்தால் பெரிய செய்தி இல்லை. பொம்மையார்பாளையத்துப் பாட்டியின் சுருக்குப் பையிலோ, இன்னும் உள்ளே திண்டிவனத்திலோ கிடைத்தால், எல்லை தாண்டி எந்தப் பணம் எதுவரை செல்லுபடியானது என்று கேட்க இடம் கிடைக்கிறது. 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா சந்தை விலைக்கு ஒன்றுமில்லாதது. எந்தக் கடையில் எதற்குக் கொடுத்தார்கள் என்று சொல்லும் கிழவர் இருக்கும்வரை அதற்கும் ஒரு விலை உண்டு. இந்தக் கேள்விகளைக் கேட்க சென்னைச் சங்கத்தால் முடியாது. உள்ளூர்ச் சங்கத்தால் முடியும். அதன் தகுதியே இதுதான் என்பேன்.

ஆகவே முதல் வேலை ஆல்பம் அல்ல, பதிவேடு. காசின் இரு பக்கப் படம், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறு மின்னணுத் தராசில் எடை, யார் வீடு, எப்படி வந்தது. அவ்வளவுதான். பெரும்பாலான சங்கங்கள் இதைச் செய்வதில்லை.

செய்யக் கூடாததைச் செய்வதில் மட்டும் குறைவில்லை. புதிதாகச் சேருபவர் முதலில் செய்வது புளி போட்டு விளக்குவது. பளபளவென்று வருகிறது; கூடவே செம்பைக் காத்து நின்ற கரும்படலமும் மங்கலான எழுத்தும் போய்விடுகின்றன. மலிவான பிவிசி உறைகள் இன்னொரு எமன். நாளாக ஆக உறை கக்குவது பச்சைப் பிசினாகச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் வெளிர்பச்சைத் தூள் பூத்த ஒரு காசைத் தனியே எடுத்து வைக்காமல் விடுவதும் ஆபத்து. இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம் போதும்.

வியாபாரத்தை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. கண்காட்சியில் கடை போடுபவர்கள் தரும் வாடகையில்தான் மண்டபச் செலவு கழிகிறது. அரிய காசு கண்ணில் படுவதும் அவர்கள் வந்தால்தான். ஆனால் விற்பனை நாள் வேறு, மாதக் கூட்டம் வேறு என்று பிரிக்காத சங்கத்தில் பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் ஏமாறுகிறார்கள். பழைய நோட்டுக்கும் நாணயத்துக்கும் லட்சம் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கமிஷன் கேட்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டி வந்தது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு யாரும் லட்சம் தர மாட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வதும் சங்கத்தின் வேலையே.

சட்டத்தைப் பற்றிச் சங்கங்கள் வாய் திறப்பதே இல்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இது. நிலத்துக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தெரிவித்தால் பறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் உறுப்பினர்கள் கிடைத்த இடத்தையே மறைக்கிறார்கள். பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. ஆனால் அப்படி மறைத்த காசைப் பதிவேட்டில் ஏற்றினால், பொய் ஊரும் சேர்ந்தே ஏறும். அதற்குப் பதில் கிடைத்த இடத்துக்கான கட்டத்தை வெறுமையாக விடலாம்.

பதிவேட்டுக்கு இரண்டாம் படி ஒன்றும் வேண்டும். அது செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. ஊர் நூலகத்தில் கொடுத்து வைக்கலாம். செயலாளர் காலமானால் வாரிசுகள் ஆல்பங்களை மொத்தமாக வியாபாரியிடம் தள்ளிவிடுவது நடப்பதுதான். குறிப்பேடுகளோ பழைய பேப்பரோடு எடைக்குப் போகும்.