கொடுத்த சொல்லும் பிறந்த கவிதையும்: ஆசுகவி மரபை முன்வைத்து

ஏப்ரல் மாதம் முழுவதும் நாளொரு கவிதை எழுதும் முயற்சியை அமெரிக்கக் கவிஞர் மாரீன் தார்சன் 2003இல் தொடங்கினார். பின்னர் அது நாள்தோறும் ஒரு தூண்டுகோல் தந்து எழுதச் செய்யும் வழக்கமாக விரிந்தது. கொடுத்ததைக் கொண்டு பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. பிறர் கொடுத்த எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி முதலியவற்றிற்கேற்ப உடனே பாடுபவரை ஆசுகவி என்பது மரபு.

'செருப்பு' எனத் தொடங்கி 'விளக்குமாறு' என முடியுமாறு முருகனைப் பாடக் காளமேகத்திடம் கேட்டனர் என்பது செவிவழிச் செய்தி. அப்பாடலில் முன்னது போரைக் குறிக்கும் 'செரு' எனப் பிரிகிறது. பின்னது 'விளக்கும் வகை' எனப் பொருள் மாறுகிறது. கேட்டோர் இழிவெனத் தந்த சொற்கள் துதிக்குரியன ஆகின்றன.

ஆகவே, தூண்டுகோலின் பயன் பாடுபொருள் தருவதன்று. சொல்லின் வழக்கமான பொருளைக் கடக்கச் செய்வதேயாம். தலைப்பை விரித்துரைப்பதோடு அமையின், முப்பது நாளில் எண்ணிக்கை பெருகுமேயன்றிக் கவிதை பெருகாது.