குதிப்பது யார்?

மங்கலத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பகலில் பனியன் கம்பெனியில் பேட்லாக் அடிக்கிறான். ராத்திரியில் வீடியோ கேம் எழுதிப் பழகுகிறான். திரையில் ஒரு சதுரம். அதற்கு இன்னும் முகம்கூட வரையவில்லை. பித்தானை அமுக்கினால் குதிக்கிறது. ‘குதிக்கறதெல்லாம் இல்லீங்ண்ணா, நம்பரக் கூட்டிக் கழிக்கறதுதான்’ என்றான். இந்த ஒரு வாக்கியத்திலிருந்து ஒரு பிரதியியலே தொடங்கலாம்.

கணக்கு இதுதான். வினாடிக்கு 60 படம் ஓடுகிறது. அமுக்கியதும் மேல்நோக்கிய வேகம் 10. அடுத்த படத்தில் 9, பிறகு 8, 7 என்று கழிகிறது. வேகம் பூஜ்யமாகும்போது சதுரம் 55 புள்ளி உயரத்தில் இருக்கும். பிறகு வேகம் கழித்தல் குறிக்குப் போகிறது, இறக்கம். பள்ளிக்கூட இயற்பியல் இவ்வளவுதான். ஆனால் இப்படியே விட்டால் பலூன் மாதிரி மிதக்கிறது. ஆகவே இறங்கும்போது ஈர்ப்பைக் கூட்ட வேண்டும். விரலைச் சீக்கிரம் எடுத்தால் வேகத்தைப் பாதியாக வெட்ட வேண்டும்.

1981இல் ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்ட டாங்கி காங்கில், குதித்தவன் நடுவானில் திசை மாற்ற முடியாது. அதே வடிவமைப்பாளர் மியாமோட்டோவின் 1985 சூப்பர் மரியோவில் முடியும். கால் ஊன்ற ஏதுமில்லாத உடம்பு காற்றிலே திரும்புகிறது. இயற்கையில் நடக்காத இதைத்தான் ‘இயல்பான குதிப்பு’ என்று உலகமே ஏற்றுக்கொண்டது. யதார்த்தம் என்பது பிரதிபலிப்பு அல்ல, கட்டமைப்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு பித்தான் செய்து காட்டிவிட்டது.

அடுத்ததுதான் முக்கியம். 2018இல் வந்த செலஸ்டி என்ற விளையாட்டில், விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் பத்தில் ஒரு வினாடி வரை குதிக்கலாம். இதற்குக் ‘கயோட்டி நேரம்’ என்று பெயர். மலைமுகட்டைத் தாண்டி ஓடியும் கீழே பார்க்கும்வரை விழாத கார்ட்டூன் கயோட்டியின் ஞாபகம். விளையாடுகிறவருக்கு இந்தச் சலுகை தெரியாது. தன் திறமை என்றே நினைப்பார். திறமைசாலி என்ற தன்னிலை, மறைத்து வைத்த மன்னிப்பில் உருவாகிறது.

இனி பையனின் பகலுக்கு வருவோம். பெரிய கம்பெனிகளில் ஒரு கைப்பட்டியை மடித்து அடிக்க எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்து எண்ணுகிறார்கள். களைப்புக்கும் தண்ணீர் குடிப்பதற்கும் சதவீதம் சேர்க்கிறார்கள். ஆக, அங்கேயும் சலுகை உண்டு. மேஜைக்கு மன்னிப்பே கிடையாது என்று நாம் கண்ணீர் வடித்தால் அது சோம்பேறி விமர்சனம். கேள்வி வேறு: அந்த எண்ணை எழுதுவது யார், எதைப் பார்த்து எழுதுகிறார்? விளையாட்டில் எண்ணைத் திருத்துவது கட்டைவிரலின் திருப்திக்காக. கம்பெனியில் திருத்துவது அன்றைய உற்பத்திக்காக. ராத்திரி தன் விரலைக் கேட்டு எண் போடுகிறவனுக்குப் பகலில் அவன் விரலைக் கேட்காமலே போட்ட எண் வருகிறது.

‘வீடியோ கேம் என்பது முதலாளியத்தின் போதை’ என்று தோழர்கள் சொல்லக்கூடும். பொய்யில்லை. காசு போட்டு ஆடிய பெட்டிகளுக்கு ஆட்டக்காரர் சீக்கிரம் சாவதுதான் லாபம். ஆனால் போதை என்று சொல்லி நகர்ந்துவிட்டால், அந்த எண்கள் இருக்கிற வரிகளை நாம் படிக்கவே மாட்டோம். செலஸ்டியை எழுதியவர்கள் தங்கள் குதிப்பின் வரிகளை எல்லோரும் படிக்க வெளியிட்டிருக்கிறார்கள். நம்மூர் மேஜைக் கணக்கை அடிக்கிற டெய்லர் பார்க்க முடிகிறதா?

நேற்று பையன் 0.1 என்பதை 0.15 ஆக்கினான். ‘எங்கம்மாளும் ஆடோணுமல்லங்ண்ணா’ என்றான். விமர்சனம் இந்த இடத்திலிருந்து தொடங்கட்டும்.