கடிதம் எழுதியவர்களும் சாட்சி சொன்னவர்களும்

ராதா குமாரின் ‘தி ஹிஸ்டரி ஆஃப் டூயிங்’ 1993இல் வந்த புத்தகம். 1800 முதல் 1990 வரை இந்தியப் பெண்கள் நடத்திய போராட்டங்களைப் படங்களோடு சொல்கிறது. நான் இதை அரூரில் உட்கார்ந்து படித்தேன். என் மனத்தாங்கலெல்லாம் அந்த இடத்திலிருந்து வருவதுதான்.

புத்தகத்தின் வலுவான பகுதி, பாலியல் வன்முறைக்கு எதிரான கிளர்ச்சியைப் பற்றியது. மையத்தில் மதுரா. 1972இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள் வன்முறைக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமி. உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுதினார்கள், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்த வரலாற்றில் செயல்படுகிறவர்கள் மடல் எழுதியவர்களும் ஊர்வலம் போனவர்களும். மதுரா? அவள் வழக்கின் பெயர், அவ்வளவுதான்.

அந்தத் திருத்தம் வந்து ஒன்பது வருடம் கழித்து, 1992 ஜூன் 20, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கூட்டிப்போய்ச் சிதைத்தார்கள். (மரத்தைக் கட்டிப்பிடித்த சிப்கோ பெண்களைக் கொண்டாடுகிற நாம், மரம் திருடியதாகச் சொல்லப்பட்ட பெண்கள் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.)

1990இல் முடிகிற புத்தகத்தில் வாச்சாத்தி இல்லையே என்று சண்டை போட முடியாது. ஆனால் பிறகு எழுதப்படுகிற சுருக்கங்களும் அதே அச்சில்தான் வருகின்றன. 1992 என்றால் ராஜஸ்தானின் பன்வாரி தேவி, அதிலிருந்து 1997 விசாகா தீர்ப்பு. வாச்சாத்தி வந்தால் ‘பழங்குடி ஒடுக்குமுறை’ என்ற தலைப்பில் வரும், பெண்ணியத்தில் வராது.

வழக்கை நடத்தியது மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அவர்கள் இல்லாமல் வழக்கே இல்லை. ஆனால் கோர்ட் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னது அந்தப் பெண்கள். சொந்த மாவட்டத்து அதிகாரிகளுக்கு எதிராக, அதே ஊரில் குடியிருந்துகொண்டு, 19 வருடம். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. இதை ‘டூயிங்’ என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதி வேல்முருகன் ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். அடுத்த வரலாற்றை எழுதப்போகிறவரும் ஒருமுறை வரலாம். அரூரிலிருந்து ஒன்றும் ரொம்ப தூரம் இல்லை.