வலியா, வழியா? ஓர் அலுவலகக் கைப்பேசியைத் திறனாய்தல்

படிவம் 5 மாணவர்களிடம் ‘திறன்பேசியின் நன்மை தீமைகள்’ என்று தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். நேரம் மிச்சமாகும், உலகம் கைக்குள் வரும், கண் கெடும், படிப்பு கெடும் என்று எல்லாக் கட்டுரைகளும் ஒரே தடத்தில் போகும். பிழை என்று எதையும் கோடிட முடியாது. ஆனால் எந்தக் கைப்பேசி, யார் கையில், எந்த வேலைக்கு என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே, நான் இரண்டு ஆண்டு பயன்படுத்திய ஒரே ஒரு கைப்பேசியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் தீர்ப்பு சரியா என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

ஆசிரியர் பணிக்கு வருவதற்கு முன்பு, 2012இல், கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் வாரமே கையில் ஒரு பிளாக்பெர்ரியைக் கொடுத்தார்கள். இப்போதைய மாணவர்கள் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். கனடாவின் வாட்டர்லூ நகரிலிருந்த ‘ரிசர்ச் இன் மோஷன்’ நிறுவனம் 1999இல் அந்தப் பெயரில் முதல் கருவியை வெளியிட்டது. மின்னஞ்சல் வசதியுள்ள பேஜர் அது. பிறகு வளர்ந்து, உலகெங்கும் அலுவலகக்காரர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல்பாதி திரை, கீழ்பாதி உண்மையான விசைப்பலகை. இரண்டு கட்டைவிரலாலும் தட்டலாம். ஒவ்வொரு விசையும் விரலுக்குத் தனித்தனியாகத் தட்டுப்படும். கொள்கலன் எண்ணை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பதில் எழுதிவிடுவேன். மூலையில் சிவப்பு விளக்கு மினுக்கினால் செய்தி வந்திருக்கிறது என்று பொருள். திரையைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால், வேலைக்காகவே பிறந்த கருவி.

பராமரிப்பும் என் கைக்கு அடங்கியதாகவே இருந்தது. விசைகளுக்கு இடையில் தூசி சேர்ந்தால் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுவேன். கருவி அசையாமல் நின்றுபோனால், பின்மூடியைக் கழற்றி மின்கலத்தை எடுத்து மறுபடி போட்டால் போதும். மின்கலம் வலுவிழந்தால் கடையில் புதிது வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். இன்றைய திறன்பேசிகளில் பெரும்பாலானவை பசை போட்டு மூடப்பட்டிருக்கின்றன. மின்கலம் மாற்றுவதற்கே பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பழசுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் கையில் இருப்பதை மட்டும் துடைத்து வைத்தால் போதாது. அந்தக் கருவியின் மின்னஞ்சலும் செய்திகளும் நிறுவனத்தின் சொந்தச் சேவையகங்கள் வழியாகவே போய்வந்தன. பாதுகாப்புக்கு அது நல்ல ஏற்பாடு, பெரிய நிறுவனங்கள் நம்பியதும் அதனால்தான். அதே ஏற்பாடு 2011 அக்டோபரில் பலவீனமாகவும் தெரிந்தது. முக்கியமான இணைப்புக் கருவி ஒன்று பழுதாகி, மாற்று ஏற்பாடும் இயங்காமல் போனதால் பல கண்டங்களில் சேவை சில நாள் தடுமாறியது. பிறகு 2022 ஜனவரி 4ஆம் தேதி, தன் சொந்த இயங்குதளத்தில் ஓடிய பழைய கருவிகளுக்கான சேவையை நிறுவனமே நிறுத்திக்கொண்டது. அதன்பின் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட அவற்றில் ஒழுங்காக வேலை செய்யும் என்ற உறுதி இல்லை. விசை தேயாமல், கீறல் விழாமல் வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான். பாதிப் பராமரிப்பு நம் கையில், மீதி எங்கோ தொலைவில். ஒரு கருவியை மதிப்பிடும்போது இந்த இரண்டாவது பாதியைக் கேட்க மறக்கக் கூடாது.

இனி, தமிழாசிரியர்களாகிய நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மெச்சிய அந்த விசைகளில் அச்சடிக்கப்பட்டிருந்தவை ரோமன் எழுத்துகள். திரையில் தோன்றும் விசைப்பலகையை மொழிக்கு ஏற்ப மாற்றலாம், அச்சடித்த விசையை மாற்ற முடியாது. இதனால் தமிழே எழுத முடியாது என்று சொல்லிவிடக் கூடாது. உச்சரிப்பைத் தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் முறை ஏற்கெனவே இருந்தது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் செல்லினம் 2005லேயே கைப்பேசிக்கு வந்துவிட்டது. என் அலுவலகக் கைப்பேசியில் தமிழுக்கு என்ன வழி என்று நான்தான் ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை. ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவும் அப்படியே பதில் அனுப்புவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, “ஈப்போவுல அத்தை வீட்டுக்குச் சாமான் அனுப்பணும்பா, உங்களால போக முடியுமா?” என்று கேட்டிருந்தேன். இரண்டு சொல்லில் பதில் வந்தது. முதல் சொல் வி, ஏ, எல், ஐ. அடுத்தது ‘இருக்கு’. நான் ‘வழி இருக்கு’ என்று படித்துக்கொண்டேன். எப்படியோ ஏற்பாடு செய்துவிடுவார் என்று நினைத்து, “சரிப்பா, நன்றி” என்று அனுப்பிவிட்டு அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விட்டேன். அவர் எழுதியது ‘வலி இருக்கு’. அவருக்கு முழங்கால் வலி. நான் நன்றி சொல்லிவிட்டேனே என்று மறுபேச்சு பேசாமல் ஈப்போ வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சிலர் ழகரத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார்கள், அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வலி, வழி, வளி மூன்றும் அவர் கைப்பேசியில் ஒன்றுதான். லகர, ளகர, ழகர வேறுபாட்டை வகுப்பில் நடத்தும்போது “மதிப்பெண் போகும்” என்று சொல்லி மாணவர்களைப் பயமுறுத்துகிறோம். போவது மதிப்பெண் மட்டும் இல்லை என்பதற்கு என் வீட்டிலேயே சான்று இருக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து, ஆசிரியர் பயிற்சிக்காக வேலையை விட்டேன். கடைசி நாள், விதிப்படி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். வேலைத் தொடர்புகளைக் கவனமாக மேலாளருக்கு அனுப்பியிருந்தேன். அப்பாவின் செய்திகளைப் படியெடுக்கத் தோன்றவில்லை. அவர் 2016இல் காலமானார். இதில் கைப்பேசியின் குற்றமும் இல்லை, நிறுவனத்தின் குற்றமும் இல்லை. இரவல் பொருளுக்குள் சொந்தப் பொருளை வைத்தது நான்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். அலுவலகச் செய்தியை விரைவாகக் கொண்டுசேர்ப்பதில் அது சிறந்த கருவி. உரிமையாளரே பராமரிக்கக்கூடிய உடல் அதற்கு இருந்தது, உயிர் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. வேலைச் செய்தியையும் வீட்டுச் செய்தியையும் ஒரே சிவப்பு விளக்கால் காட்டியது. பிரித்துப் பார்ப்பதை நம்மிடம் விட்டுவிட்டது. நான் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது நம் எல்லாருடைய சொந்தக் கைப்பேசியும் அலுவலகக் கைப்பேசியாகிவிட்டது. பள்ளிப் புலனக் குழு, பெற்றோர் குழு, பாட நிரல், மாணவர்களின் வாய்மொழிப் பயிற்சி ஒலிப்பதிவுகள் எல்லாமே அதற்குள்தான். ஆசிரிய நண்பர்களே, இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இழக்க முடியாதவற்றை வேறொரு இடத்தில் படியெடுத்து வையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் செய்தியைத் தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள். இரண்டு விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு:

1. உங்கள் வீட்டில் வேலைக்காகப் பயன்படும் ஒரு கைப்பேசியைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பயன்படுத்துபவரிடம் பேசி, அதன் இரண்டு பலங்களையும் இரண்டு குறைகளையும் சான்றுடன் எழுதுங்கள்.

2. அந்தக் கைப்பேசி நாளை இயங்காமல் போனால், அவர் எதை இழப்பார்? அதைக் காக்க இன்றே என்ன செய்யலாம்?

3. ஆங்கில எழுத்தில் நீங்கள் அனுப்பிய ஐந்து தமிழ்ச் செய்திகளைத் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதுங்கள். எந்தச் சொல்லை வேறு பொருளில் படிக்க முடியும் என்று பாருங்கள்.