யாருடைய நகரம்?

ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷெஹர்’ (1985) ஆவணப்படத் தலைப்புக்கு ‘நம்ம நகரம்’ என்று பொருள். யார் இந்த ‘நம்ம’? பம்பாயின் மாடிகளைக் கட்டுகிறவர்களின் குடிசைகளை மாநகராட்சி ஆட்கள் போலீஸ் காவலோடு பிரித்தெறிகிறார்கள். வேலைக்கு நடந்து போற தூரத்துல இருக்கிற இடம்தான் அவங்களுக்கு வீடு. நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்ற உச்சநீதிமன்றம், நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது அதே 1985இல்தான்.

எங்களைப் படம் பிடிச்சு என்ன செய்யப் போறேன்னு ஒரு பெண் பட்வர்தனையே கேக்குறாங்க. அதை வெட்டாமல் வைத்தது நேர்மை. ஆனாலும் படம் வர்க்கத்தைப் பேசுகிற அளவுக்குச் சாதியைப் பேசவில்லை.

இதில் பாடிய விலாஸ் கோக்ரே ஒரு தலித். 1997 ஜூலை 11இல், அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்து ராமாபாய் நகரில் திரண்ட மக்களைப் போலீஸ் சுட்டது. 10 பேர் செத்தார்கள். சில நாளில், தலையில் நீலத்துணி கட்டி, கோக்ரே தன் குடிசையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கிருந்து தொடங்கி 14 ஆண்டுகள் எடுக்கப்பட்ட ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011) முதல் படத்தின் பாக்கியைத் தீர்க்கப் பார்க்கிறது.

தனக்குத் தாயகம் இல்லையென்று 1931இல் காந்தியிடம் சொன்னார் அம்பேத்கர். கிராமத்தில் நம்ம குடியிருப்பு ஊருக்கு வெளியே. நகரத்தில் அதுக்குப் பேரு ‘ஆக்கிரமிப்பு’. சாதியைச் சொல்லாமல் வீட்டைப் பத்திப் படம் எடுத்தா, அது பாதிப் படம்தான்.