பார்த்துக்கொள்ளுதல்: ஒரு விதியை வாசித்தல்

என் அக்கா மகளுக்குக் குறைந்த பார்வை. நர்ஸ் ஆகணும்னு ஆசை. மேற்குப் புறநகரில் ஒரு நர்சிங் கல்லூரிக்கு அழைத்துப்போனேன். சான்றிதழைப் பிரிக்கக்கூட இல்லை. 'ஊசி போடுற வேலைம்மா, கண்ணு வேணாமா?' அவ்வளவுதான். அவள் குடியிருப்பது பூந்தமல்லி. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கும் ஊர். பிரெய்ல் படிக்க வழியுள்ள ஊரில் நோயாளியைக் கவனிக்கப் படிக்க வழியில்லை.

இதைத் தனிமனிதக் குரூரமாக நான் வாசிக்கவில்லை. பின்னால் ஒரு பிரதி இருக்கிறது. 2021இல் அரசிதழில் வெளியான இந்தியச் செவிலியர் மன்றத்தின் பி.எஸ்ஸி. விதிகள் ஊனமுற்றோருக்கு 5 விழுக்காடு ஒதுக்குகின்றன. எந்த ஊனமுற்றோருக்கு? கால்களில் 40 முதல் 50 விழுக்காடு வரை இயக்கக் குறைபாடு உள்ளோருக்கு மட்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரிப்பதோ 21 வகை ஊனங்களை. ஒதுக்கீடே ஒதுக்கிவைத்தலாகிவிடுகிறது. நிறக்குருடு உள்ளவர் அதற்குரிய கண்ணாடி அணிந்தால் சேரலாம் என்று இடம்கொடுக்கும் மன்றம், பூதக்கண்ணாடி பற்றி வாய் திறப்பதில்லை.

நவீன மருத்துவம் பார்வையின் அதிகாரமாகவே உருக்கொண்டது என்று 1963இல் காட்டினார் ஃபூக்கோ. தமிழிலோ தொட்டுப் பார்க்கிறோம், மோந்து பார்க்கிறோம், நாடி பிடித்துப் பார்க்கிறோம். 'அம்மாவைப் பாத்துக்கோ' என்றால் அது கண்ணின் வேலை மட்டுமல்ல.

மருந்துக்குப்பியின் பொடி எழுத்தைத் தவறாகப் படித்தால் உயிர் போகும். இதை மழுப்ப வேண்டாம். ஆனால் இன்சுலின் போன்ற மருந்துகளை இரண்டு செவிலியர் சரிபார்க்கும் நடைமுறை கண் தெரிந்தவர்களுக்காக வந்ததுதான். கண்ணும் தவறும் என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியும். வார்டு என்பது கூட்டு உழைப்பு. விதியோ எல்லா வேலையையும் ஒற்றை உடம்பின்மேல் ஏற்றி, அப்புறம் அந்த உடம்பை அளக்கிறது. எந்த வேலை முடியும், எதற்குக் கருவி வேண்டும், எதை இன்னொருவர் செய்யலாம் என்று கேட்பதேயில்லை.

ஊன விழுக்காட்டை மட்டும் வைத்து எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது, படிக்க முடியுமா என்று மதிப்பிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் (ஓம்கார் கோண்ட் வழக்கு, அக்டோபர் 2024). பார்வையற்றோர் நீதிபதியாவதைத் தடுக்கக் கூடாது என்றது 2025 மார்ச்சில். தீர்ப்பு எழுதலாம், டெம்பரேச்சர் எழுதக் கூடாதா?

எல்லா வார்டும் எல்லாருக்கும் திறக்கணும்னு நான் சொல்லலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்: 'பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டும் மாமா. பாக்காமலே சொல்றாங்க.'